புது மாடல் வந்தால் யார் முந்துவார்? சொகுசு கார் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் விற்பனைக் கணக்குகளை நான் பின்தொடர்வது தெரிந்ததும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எண்கள் வரும் இடத்தில் எந்த நாடு, எந்த ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பாதிச் சண்டை அதில்தான் கிளம்புகிறது.

சொகுசு கார் கம்பெனின்னா யார் யாரைச் சொல்றீங்க?

முக்கியமாக மூன்று ஜெர்மன் நிறுவனங்கள்: மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி. இவற்றோடு டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸ், அமெரிக்காவின் கேடிலாக், லிங்கன், அப்புறம் டெஸ்லா. ரோல்ஸ் ராய்ஸ், லம்போர்கினி, ஃபெராரி போன்றவை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மட்டுமே வண்டிகள் விற்பவை. அவற்றின் கணக்கு வேறு என்றாலும் ஒரு இடத்தில் அவையும் வரும்.

இப்போ உலகத்துல நம்பர் ஒன் யாரு? பென்ஸா, பி.எம்.டபிள்யூவா?

பி.எம்.டபிள்யூ. 2024இல் அந்த பிராண்டில் மட்டும் சுமார் 22 லட்சம் கார்கள் விற்றன. பென்ஸ் சுமார் 19.8 லட்சம், ஆடி சுமார் 16.7 லட்சம். நீண்டகாலம் முதலிடத்தில் இருந்த பென்ஸை பி.எம்.டபிள்யூ 2005இல் முந்தியது. 2016இல் பென்ஸ் திரும்பப் பிடித்தது. 2021இல் மறுபடி பி.எம்.டபிள்யூ.

ஒரு எச்சரிக்கை: பி.எம்.டபிள்யூ குழுமத்தின் எண்ணிக்கை என்று வந்தால் அதில் மினியும் ரோல்ஸ் ராய்ஸும் சேர்ந்திருக்கும். அதைத் தனி பென்ஸ் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வாதம் செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வருஷா வருஷம் புது மாடல்னு விளம்பரம் வருதே, எல்லாமே புதுசா?

இல்லை. மூன்று வகை உண்டு. முதலாவது ஃபேஸ்லிஃப்ட்: விளக்கு, பம்பர், உள்ளே இருக்கும் திரை மட்டும் மாறும். இரண்டாவது புதுத் தலைமுறை: பெயர் பழையது, வண்டி அடியிலிருந்து புதியது. இது சுமார் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸுக்கு 2005, 2012, 2019. அதற்குப் போட்டியான பென்ஸ் சி கிளாஸுக்கு 2007, 2014, 2021. ஒருவரின் வண்டி கிழடாகும்போது மற்றவரின் வண்டி புதிதாக இருக்கும்படி இந்த வரிசை அமைந்திருப்பதைக் கவனியுங்கள். முன்னிலை மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகைதான் என் பார்வையில் முக்கியமானது: அந்த நிறுவனத்திடம் இதுவரை இல்லாத அளவிலோ, விலையிலோ, உருவத்திலோ வரும் வண்டி. புதுத் தலைமுறை பெரும்பாலும் கையில் இருக்கும் வாடிக்கையாளரைக் காப்பாற்றும். இந்த மூன்றாவது வகைதான் எதிர்முகாமிலிருந்து ஆட்களை இழுத்து வரும்.

புது மாடல் விட்டா விற்பனை கட்டாயம் ஏறுமா?

முதலில் இறங்கும். அடுத்த ஆண்டு புதியது வருகிறது என்று தெரிந்ததும் வாங்குபவர்கள் காத்திருப்பார்கள். டீலர் கையில் இருக்கும் பழைய வண்டியைத் தள்ளுபடி கொடுத்துத்தான் தள்ள வேண்டும். புதியது வந்த பிறகும் தொழிற்சாலை முழு வேகம் பிடிக்கச் சில மாதம் ஆகும். எனவே வண்டி அறிமுகமான ஆண்டைவிட அதற்கு அடுத்த ஆண்டில்தான் எண்ணிக்கை உச்சம் தொடுவது வழக்கம்.

2016 இதற்கு நல்ல சாட்சி. அப்போது பென்ஸிடம் 2014இல் வந்த சி கிளாஸ் நல்ல வயதில் இருந்தது, 2015இல் வந்த ஜி.எல்.சி. எஸ்.யு.வி. முழு ஆண்டும் கிடைத்தது, புது இ கிளாஸும் வந்துவிட்டது. எதிரே, இ கிளாஸுக்குப் போட்டியான பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் தன் கடைசி ஆண்டில் இருந்தது. அதன் அடுத்த தலைமுறை 2017இல்தான் வந்தது. அந்த ஆண்டு பென்ஸ் சுமார் 20.8 லட்சம், பி.எம்.டபிள்யூ சுமார் 20 லட்சம்.

ஒரே ஒரு புது மாடல் முடிவையே மாத்தின உதாரணம் இருக்கா?

இருக்கிறது. அமெரிக்கா, 2013. அங்கே முந்தைய இரண்டு ஆண்டுகளும் பி.எம்.டபிள்யூதான் முதல். 2013 செப்டம்பரில் பென்ஸ் சி.எல்.ஏ. என்ற சிறிய செடானை இறக்கியது. ஆரம்ப விலை 29,900 டாலர். முப்பதாயிரத்துக்குள் ஒரு பென்ஸ் என்பதே விளம்பரம். ஆண்டு முடிவில் பென்ஸ் 3,12,534, பி.எம்.டபிள்யூ 3,09,280. இடைவெளி 3,254 வண்டிகள். கடைசி நான்கு மாதங்களில் மட்டும் விற்ற சி.எல்.ஏ. சுமார் 14,000. கணக்கு உங்களுக்கே புரியும்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2014இல் பி.எம்.டபிள்யூ திரும்ப மேலே வந்தது. புதுத் தலைமுறை எக்ஸ் 5 எஸ்.யு.வி. அப்போது முழு ஆண்டும் விற்பனையில் இருந்தது. 3 சீரிஸிலிருந்து இரு கதவுக் கூபே வகைகளைப் பிரித்து 4 சீரிஸ் என்று தனிப்பெயர் கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். ஒரு மாடல் தரும் முன்னிலை பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. எதிராளி சும்மா இருக்க மாட்டார்.

அப்போ விலை குறைஞ்ச மாடலா விட்டுக்கிட்டே இருந்தா ஜெயிச்சிடலாமே?

எண்ணிக்கையில் ஜெயிக்கலாம். ஆனால் சிறிய வண்டியில் லாபம் குறைவு. பெயரின் மதிப்பும் கரையும். முப்பதாயிரம் டாலருக்கு அதே நட்சத்திரச் சின்னம் கிடைக்கும்போது, லட்சம் டாலர் கொடுத்தவருக்கு உறுத்தத்தானே செய்யும்?

இதை யோசித்துத்தான் 2022 மே மாதம் பென்ஸ் தன் ஆரம்பநிலைக் கார்களின் உடல் வகைகளை (செடான், ஹேட்ச்பேக் போன்றவை) ஏழிலிருந்து நான்காகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. எண்ணிக்கை முக்கியமில்லை, விலை உயர்ந்த வண்டிகளின் பங்குதான் முக்கியம் என்பது நிலைப்பாடு. சிப் தட்டுப்பாட்டில் உலகமே வண்டிக்குக் காத்திருந்த காலத்தில் அது சரியாகவே தெரிந்தது. பிறகு தேவை தளர்ந்தபோது எண்ணிக்கையும் இறங்கியது, லாபமும் இறங்கியது. என்னைக் கேட்டால், முதலிடத்தை விட்டுக்கொடுப்பது தப்பில்லை. அதைச் சந்தை சூடாக இருந்த ஒரு நேரத்தின் கணக்கை வைத்து முடிவு செய்ததுதான் இடறல்.

எஸ் கிளாஸ், 7 சீரிஸ் மாதிரி பெரிய வண்டி வந்தா விற்பனை எகிறுமா?

எகிறாது. அவை விற்பதே குறைவு. ஆனால் அதில் முதலில் வரும் தொழில்நுட்பம் சில ஆண்டுகளில் கீழே உள்ள வண்டிகளுக்கு இறங்கும். பிராண்டின் கௌரவமும் அங்கிருந்துதான் வருகிறது. எனவே இந்தப் பிரிவில் தோற்பது எண்ணிக்கையில் சிறிது, மானத்தில் பெரிது. 2015இல் அமெரிக்காவில் டெஸ்லாவின் மாடல் எஸ், எஸ் கிளாஸையும் 7 சீரிஸையும் தாண்டி விற்றபோது ஜெர்மனியில் ஏற்பட்ட பதற்றம் அதனால்தான்.

எஸ்.யு.வி. வந்தது போட்டியை எவ்வளவு மாத்துச்சு?

வேறு எதையும்விட அதிகம். 1990களின் கடைசியில் எல்லாம் வரிசையாக வந்தன. 1997இல் அமெரிக்காவின் அலபாமாவில் தயாரான பென்ஸ் எம் கிளாஸ், 1998இல் லெக்சஸ் ஆர்.எக்ஸ்., 1999இல் தென் கரோலினாவில் தயாரான பி.எம்.டபிள்யூ எக்ஸ் 5. இவற்றில் ஆர்.எக்ஸ்.தான் புத்திசாலித்தனமான வண்டி. லாரி போல தனி இரும்புச் சட்டகத்தின் மேல் கட்டாமல் கார் அடித்தளத்தில் கட்டியதால் செடான் ஓட்டிய சுகத்தோடு உயரமாக உட்காரலாம். லெக்சஸ் அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்ததற்கு இந்த வண்டி பெரிய காரணம்.

எண்ணிக்கை குறைந்த உச்சப் பிரிவில் இதன் விளைவை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். லம்போர்கினி 2017இல் விற்றது 3,815 கார்கள். உருஸ் எஸ்.யு.வி. வந்த பிறகு 2018இல் 5,750, 2019இல் 8,205. இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல். கலினன் எஸ்.யு.வி. வந்ததும் ரோல்ஸ் ராய்ஸும் 2019இல் முதல்முறையாக ஐயாயிரத்தைத் தாண்டியது. ஃபெராரி மட்டும் எஸ்.யு.வி. உருவத்தில் வந்த தன் புரோசாங்குவே வண்டியை மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாமல் தானே கட்டுப்போட்டுக்கொண்டது. முன்பு சொன்ன பெயர் கரையும் பயம்தான் அங்கேயும்.

கம்பெனிங்க சொல்ற எண்ணிக்கையை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் போட்டி நூலிழையில் இருக்கும்போது கண்ணை விரித்துப் பாருங்கள். இதற்கும் ஒரு எஸ்.யு.வி. கதைதான்.

1997இல் லிங்கன், ஃபோர்டு எக்ஸ்பெடிஷனை அலங்கரித்து நேவிகேட்டர் என்று விற்றது. அது பறந்தது. கேடிலாக்கிடம் பதிலுக்கு வண்டியே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அவசர அவசரமாக, தன் இன்னொரு பிரிவான ஜி.எம்.சி.யின் யூகான் டெனாலியில் சின்னத்தை மாற்றி 1998இல் எஸ்கலேட் என்று இறக்கியது. பல்லாண்டுகளாக அமெரிக்காவின் முதல் சொகுசு பிராண்டாக இருந்த கேடிலாக், 1998 கணக்கில் 222 கார் வித்தியாசத்தில் பட்டத்தைக் காப்பாற்றிவிட்டதாக அறிவித்தது. 1999 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸே முன்வந்து, எண்ணிக்கையில் 4,773 வண்டிகள் கூடுதலாகச் சேர்ந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டது. உண்மையில் ஜெயித்தது லிங்கன். எஸ்கலேட் பின்னாளில் நன்றாகத் திருந்தி கேடிலாக்கின் முகமாகவே ஆகிவிட்டது என்பது வேறு கதை.

பி.எம்.டபிள்யூ விஷயமும் உண்டு. அமெரிக்க விற்பனை எண்ணிக்கையை ஊதிக் காட்டியதாக அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் குற்றம் சாட்டியது. டீலர்களுக்குப் பணம் கொடுத்து, விற்காத வண்டிகளை டெமோ (ஓட்டிக் காட்டுபவை), லோனர் (சர்வீஸ் நேரத்தில் இரவல் கொடுப்பவை) கணக்கில் காட்ட வைத்தார்கள். சில மாதங்களின் உபரி விற்பனையை ஒளித்து வைத்துத் தேவையான மாதத்தில் எடுத்துவிட்டார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். 2020 செப்டம்பரில், குற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் செய்யாமல், 1.8 கோடி டாலர் அபராதம் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது நிறுவனம். குற்றச்சாட்டில் வரும் ஆண்டுகளில் 2015ம் ஒன்று. அந்த ஆண்டு பி.எம்.டபிள்யூ, லெக்சஸ், பென்ஸ் மூன்றுக்கும் இடையே இருந்த இடைவெளி மூவாயிரம் வண்டிக்குள்.

புதுசா ஒருத்தர் வந்து பெரிய தலைகளைச் சாய்ச்சது உண்டா?

லெக்சஸ். 1989 ஜனவரி டெட்ராய்ட் கண்காட்சியில் எல்.எஸ். 400 வண்டியைக் காட்டினார்கள். அமைதியிலும் தரத்திலும் எஸ் கிளாஸ், 7 சீரிஸ் வரிசைக்குப் போட்டி, விலையோ 35,000 டாலரில் தொடக்கம். அதே ஆண்டு டிசம்பரில் சிறு குறைகளுக்காகச் சுமார் 8,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து, கழுவிக் கொண்டுவந்து விட்டார்கள். பிறந்த வருடத்திலேயே பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய விஷயம், சேவைக்கான பெயரை வாங்கிக் கொடுத்தது. 1991இல் அமெரிக்காவில் பென்ஸ், பி.எம்.டபிள்யூ இரண்டையும் லெக்சஸ் தாண்டிவிட்டது.

அவ்வளவு நல்லா இருந்த லெக்சஸ் 2011ல ஏன் கீழ இறங்குச்சு? புது மாடல் இல்லையா?

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். லெக்சஸ் வண்டிகளில் கனடாவில் தயாரான ஆர்.எக்ஸ். போக மற்றவை ஜப்பானிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஷோரூமில் வண்டி இல்லை. அந்த ஆண்டு பட்டம் பி.எம்.டபிள்யூவுக்குப் போனது.

விற்பனைப் பட்டியலைப் பார்த்ததும் “அந்த மாடல் ஜெயித்தது, இந்த மாடல் தோற்றது” என்று சொல்லிவிடத் தோன்றும். பல நேரம் தோற்றது தொழிற்சாலைதான். 2021இல் பி.எம்.டபிள்யூ முதலிடத்துக்குத் திரும்பியதிலும், சிப் தட்டுப்பாட்டை மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

புது மாடல் லேட்டானா என்ன ஆகும்?

ஆடியைப் பாருங்கள். கியூ 6 இ-ட்ரான் என்ற மின்சார எஸ்.யு.வி. மென்பொருள் சிக்கலால் பலமுறை தள்ளிப்போய் 2024இல்தான் வந்தது. ஏ 4 இடத்தில் வரும் புது ஏ 5, புது கியூ 5 ஆகியவையும் அதே ஆண்டில்தான் அறிமுகம். அதுவரை ஷோரூமில் இருந்தது வயதான வரிசை. 2024இல் ஆடியின் விற்பனை சுமார் 12 சதவீதம் சரிந்தது. ஒரு காலத்தில், 2011இல், இதே ஆடி உலக அளவில் பென்ஸையே தாண்டியிருந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை.

இன்னும் தீவிரமான உதாரணம் ஜாகுவார். முழு மின்சார பிராண்டாக மாறுவதற்காகப் பழைய வரிசையை ஒட்டுமொத்தமாக நிறுத்த முடிவெடுத்து, 2024 கடைசியில் சொந்த நாடான பிரிட்டனிலேயே புது வண்டி விற்பனையை நிறுத்திவிட்டது.

அவசரமா விட்டா மட்டும் நல்லதா?

1997 அக்டோபரில் பென்ஸின் முதல் ஏ கிளாஸ், சாலையில் குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்ப்பது போன்ற சோதனையில் ஸ்வீடனில் கவிழ்ந்தது. விற்பனையை நிறுத்தி, அதுவரை விலை உயர்ந்த பெரிய வண்டிகளில் கிடைத்துவந்த இ.எஸ்.பி. கருவியை (வண்டி சறுக்காமல் நிலைநிறுத்துவது) எல்லா ஏ கிளாஸிலும் பொருத்தி, 1998 தொடக்கத்தில்தான் திரும்ப விற்றார்கள். சிறிய கார்களில் அந்தக் கருவி பரவியதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

புது மாடல் அதே கம்பெனியோட பழைய வண்டி வியாபாரத்தைத்தானே சாப்பிடும்?

ஓரளவு சாப்பிடும். எக்ஸ் 3 வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் முன்பு 3 சீரிஸ் வாங்கியிருக்கக்கூடியவர்கள். ஆனால் நீங்கள் அந்த எஸ்.யு.வி.யைச் செய்யாவிட்டால் அவர் 3 சீரிஸோடு நிற்க மாட்டார், பக்கத்து ஷோரூமுக்குப் போய் ஜி.எல்.சி. வாங்குவார். அதனால் தன் வண்டியைத் தானே தின்பது மேல் என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் சொகுசு கார்களை லீஸில் (நீண்டகால வாடகையில்) எடுப்பது சாதாரணம், பெரும்பாலும் மூன்றாண்டு. ஒரு புது மாடல் இன்று நன்றாகப் போனால் மூன்றாண்டு கழித்து அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அன்றைக்குக் காட்ட ஷோரூமில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக்ல பென்ஸ் பின்தங்கினது எதனால?

பென்ஸ், மின்சாரத்துக்கென்று தனி உருவத்தில் இ.க்யூ. வரிசையைச் செய்தது. அதன் உச்சமான இ.க்யூ.எஸ். 2021இல் வந்தது. காற்றைக் கிழிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் பின்னால் உட்காரும் எஸ் கிளாஸ் வாடிக்கையாளருக்கு அந்த வழவழப்பான உருவம் பிடிக்கவில்லை. பி.எம்.டபிள்யூ ஒரே உடலில் பெட்ரோல், டீசல், மின்சாரம் எல்லாவற்றையும் வைத்தது. 4 சீரிஸும் ஐ 4உம் ஒரே குடும்பம், 7 சீரிஸும் ஐ 7உம் ஒரே வண்டி. பொறியாளர்கள் இதைச் சமரசம் என்றார்கள். 2024இல் பி.எம்.டபிள்யூ குழுமம் விற்ற முழு மின்சார வண்டிகள் சுமார் 4.27 லட்சம், பென்ஸ் கார்கள் சுமார் 1.85 லட்சம்.

சீனாவுல இவங்க எல்லாருமே அடி வாங்குறாங்களே, ஏன்?

2024இல் பி.எம்.டபிள்யூ (மினியும் சேர்த்து) சீனாவில் சுமார் 13 சதவீதமும் பென்ஸ் சுமார் 7 சதவீதமும் இழந்தன. முன்பு சொன்ன ஏழாண்டுப் புதுத் தலைமுறைச் சுழற்சி அங்கே செல்லுபடியாகவில்லை. உள்ளூர் நிறுவனங்கள் புது வண்டியை வேகமாக இறக்குகின்றன. செல்போன் செய்துவந்த ஷாவ்மி 2024 மார்ச்சில் தன் முதல் காரான எஸ்.யு. 7 வண்டியை விற்கத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே 1.35 லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டது. அங்கே வாங்குபவர்கள் திரையையும் மென்பொருளையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நூறு வருடப் பெருமையைச் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

நம்ம இந்தியாவுல எப்படி?

இங்கே மொத்தச் சந்தையே சிறியது. அதனால் ஒரு மாடல் ஏற்படுத்தும் அலை பெரிதாகத் தெரியும். பி.எம்.டபிள்யூ 2007இல் சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை தொடங்கி, 2009இல் பென்ஸை முந்தியது. 2010 டிசம்பரில் வந்த எக்ஸ் 1 அந்த முன்னிலையை நீட்டித்தது. பிறகு கியூ 3 போன்ற எஸ்.யு.வி.களோடு ஆடி 2013இல் பத்தாயிரத்தைத் தாண்டி முதலிடம் பிடித்தது. பென்ஸ் 2015இல் ஒரே ஆண்டில் 15 அறிமுகங்கள் என்று அறிவித்து இறங்கியது. 13,502 வண்டிகளோடு முதலிடம். 2024இலும் 19,565 என்று முன்னிலையில்தான் இருந்தது.

இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பின்சீட்டு. டிரைவர் வைத்துக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் 2017இல் பென்ஸ் நீளம் கூட்டிய இ கிளாஸைக் கொண்டுவந்தது. அது நன்றாக ஓடியது. பி.எம்.டபிள்யூ 2021இல் நீளமான 3 சீரிஸ், 2024இல் நீளமான 5 சீரிஸ் என்று பதில் கொடுத்தது. இரண்டும் பாகங்களாக வந்து சென்னையில் ஒன்றுசேர்க்கப்படுபவை. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் வரி மிக அதிகம் என்பதால், ஒரு மாடல் இங்கே ஒன்றுசேர்க்கப்படுகிறதா என்பதே பாதிப் போட்டியைத் தீர்மானித்துவிடும்.

வரும் வருஷங்கள்ல யார் ஜெயிப்பாங்க?

பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். பி.எம்.டபிள்யூவின் ‘நோயே கிளாஸே’ என்ற புது மின்சார வரிசையின் முதல் வண்டியான ஐ.எக்ஸ். 3, 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் வெளியானது. ஹங்கேரியின் டெப்ரெட்சனில் அதற்கென்றே புது ஆலை. அதே கண்காட்சியில் பென்ஸ் மின்சார ஜி.எல்.சி.யைக் காட்டியது. இரண்டும் அதிகம் விற்கும் நடுத்தர எஸ்.யு.வி. பிரிவு. முதல் மாதப் புக்கிங் செய்திகளை நான் கண்டுகொள்ளப் போவதில்லை. இரண்டாம் ஆண்டு எண்ணிக்கை என்ன, அதில் புதிதாக வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர், ஆலை முழு வேகத்தில் ஓடுகிறதா என்பதைத்தான் பார்ப்பேன்.

நான் இப்போ வாங்கலாம்னு இருக்கேன். புதுத் தலைமுறை வரட்டும்னு காத்திருக்கணுமா?

நான்கைந்து வருடத்தில் விற்றுவிடுபவர் என்றால் காத்திருங்கள். புதியது வந்ததும் பழைய உருவத்தின் மறுவிற்பனை விலை விழும். பத்து வருடம் வைத்திருப்பவர் என்றால் கடைசி ஆண்டு வண்டியே லாபம். சின்னச் சின்னக் குறைகள் அதற்குள் சரிசெய்யப்பட்டிருக்கும், தள்ளுபடியும் கிடைக்கும். டீலரிடம் வண்டி தயாரான மாதத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.